நாள் முழுக்க ஏற்றம், பத்து நிமிட இறக்கம்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் டவுனில் யாரிடமாவது "பனிச்சறுக்குப் பலகை வச்சிருக்கிற ஆள் வீடு எது?" என்று கேட்டால் நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஊரில் வேறு யாரும் அதை வாங்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பகலில் 33 டிகிரி வெயில், டவுனைத் தாண்டினால் நாலு பக்கமும் செம்பனை, மிச்சம் மீதி ரப்பர். இந்த ஊரில் இருந்துகொண்டு ஜப்பானுக்குப் போய்ப் பனிமலையில் நடந்து ஏறி இறங்கி வருகிறேன் என்றால் முன்பெல்லாம் சிரிப்பார்கள். இப்போது சிரிப்பதில்லை. ஜப்பானின் வடக்குத் தீவு ஹொக்கைடோ, அதன் தலைநகர் சப்போரோ. கோலாலம்பூரிலிருந்து அங்கே நேரடி விமானம் வந்துவிட்டது. மலேசியக் கடப்பிதழுக்கு 2013 முதல் 90 நாள் வரை ஜப்பான் விசா கேட்பதில்லை. கைப்பேசியைத் திறந்தால் பவுடர், அதாவது புதிதாக விழுந்த மெத்தென்ற பனி, அதில் இறங்கும் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. அதனால் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் போதும், ஏதாவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணே, ஹொக்கைடோ போறோம். லிஃப்ட் இல்லாத மலையில அந்தப் பவுடர்ல இறங்கணும். ரெண்டு நாள்ல கத்துக்கலாமா?" என்று ஆரம்பிக்கிறான்.

முடியாது. ஆனால் ஏன் முடியாது, அதற்குள் என்னதான் இருக்கிறது என்பதை ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க எனக்கு வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அரசாங்கம் 1982-ல் 'கிழக்கை நோக்கும் கொள்கை' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் உபகாரச் சம்பளம் பெற்று ஜப்பானுக்குப் படிக்கப் போன தோட்டத்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன். சப்போரோவில் பொறியியல் படித்தேன். அந்த நகரத்தின் ஓரத்திலேயே தெய்னே என்று ஒரு மலை, 1,023 மீட்டர். 1972 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கி போட்டிகள் சில அங்கேதான் நடந்தன. பல்கலைக்கழகத்தில் எல்லோரும் போவதால் நானும் போனேன், வாடகைப் பலகையில் விழுந்து எழுந்து கற்றேன். முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். சரிவின் மேலே கொண்டுபோய் விடும் நாற்காலி லிஃப்டில் ஏறு, இறங்கு, வரிசையில் நில், மறுபடி ஏறு. மெஷின் வைத்து அழுத்திச் சமப்படுத்திய சரிவு. நல்லாத்தான் இருந்தது.

மறு குளிர்காலத்தில் ஆய்வகத்து மூத்த மாணவர் ஒருவர், "இந்த வாரம் லிஃப்ட் வேண்டாம், நடந்து ஏறலாம்" என்று கூட்டிப் போனார். அதைத்தான் பேக்கன்ட்ரி என்கிறார்கள். லிஃப்ட் கிடையாது, கயிறு கட்டி எல்லை வைத்திருக்க மாட்டார்கள், ரோந்துக்காரர் இல்லை, விளக்கு இல்லை, பாதையும் இல்லை. மலை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும். நாமே ஏறி, நாமே பார்த்து, நாமே இறங்க வேண்டும்.

ஹொக்கைடோவின் பனிக்கு ஏன் இவ்வளவு பேர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட கடுங்குளிர் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும். அது ஜப்பான் கடலைத் தாண்டும்போது, ஒப்பிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அந்தத் தண்ணீரிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு, மேற்கு ஹொக்கைடோ மலைகளில் மோதிக் கொட்டிவிடும். டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி வரை கிட்டத்தட்ட தினமும். நிசேகோ என்ற ஸ்கி ஊர்ப் பக்கம் ஒரு பருவத்தில் சராசரியாக 14, 15 மீட்டர் விழும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் அளவைவிடத் தரம்தான் விஷயம். நான் படித்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில், ஹொக்கைடோ இம்பீரியல் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது இருந்த காலத்தில், நாகாயா உகிசிரோ என்ற இயற்பியலாளர் 1936-ல் குளிரறைக்குள் ஒரு முயல் முடியின் நுனியில் செயற்கையாகப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் எந்த வடிவம் வரும் என்று அட்டவணையே போட்டார். ஈரம் நிறைய இருந்து, மைனஸ் 15 டிகிரி வாக்கில் இருந்தால் ஆறு கிளை விரித்த படிகம் வரும். அந்தக் கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி அடுக்கும்போது நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது. புதிதாக விழுந்த நல்ல பவுடரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையே பிடிக்க வராது, வாயால் ஊதினால் பறந்துபோகும்.

அதன்மேல் பலகையில் இறங்குவது எப்படி இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னால் முடிந்தவரை சொல்கிறேன். அழுத்திய பனியில் பலகையின் ஓரம் தரையைச் சுரண்டும், அந்தச் சத்தமும் அதிர்வும் முழங்கால் வரை வரும். பவுடரில் அது இரண்டும் நின்றுவிடும். பலகை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குக் கீழே எல்லாம் பனிக்குள். முதல் இரண்டு மூன்று விநாடி வேகம் பிடிக்கும்வரை காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு பயம். அப்புறம் பலகையின் முனை மேலே எழும், உடம்பின் கனம் குறையும். எடையைப் பின்காலுக்குக் கொஞ்சம் மாற்றி இடுப்பை லேசாகத் திருப்பினால் போதும், பலகை வந்துவிடும். வளைவின் வெளிப்பக்கம் பனி எழும்பி மார்பில் அடித்து முகத்துக்கு வரும். ஒரு மூச்சு உள்ளே இழுக்க முடியாது. அடுத்த வளைவில் கிடைக்கும். அங்கே மூச்சை வளைவுக்குத் தக்கபடிதான் விட வேண்டியிருக்கிறது. புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிவிடுவதால் பக்கத்தில் கூட வருகிறவனின் கூச்சல்கூடத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும். வீட்டுக் கடன், மேலதிகாரி, ஷிஃப்ட் மாற்றம் எதுவும் அந்த நேரத்தில் தலைக்குள் வராது. வர இடமில்லை.

இவ்வளவும் ஒரு இறக்கத்துக்குப் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் ஏற்றம். வீடியோவில் இதை வெட்டிவிடுகிறார்கள்.

ஏறுவதற்கு என்னிடம் இருப்பது ஸ்பிளிட்போர்டு. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு அது. பிரித்தால் இரண்டு அகலமான ஸ்கி. அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் பசை, இன்னொரு பக்கம் ஒரே திசையில் படிந்த ரோமம். பழைய காலத்தில் சீல் தோல், இப்போது மோஹேர் அல்லது நைலான். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் போகப் பார்த்தால் ரோமம் நிமிர்ந்து பிடித்துக்கொள்ளும். குதிகால் தூக்கி அடி எடுத்து வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் ஏறுவோம். உச்சியில் ஸ்கின்னை உரித்து, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்தால் பசை குளிரில் செத்துவிடும், மறுபடி ஏற முடியாது. அப்புறம் இரண்டு பாதியையும் சேர்த்து கொக்கி மாட்ட வேண்டும். இணைப்பில் ஒரு துளி பனி உறைந்திருந்தாலும் கொக்கி விழாது. கையுறையோடு முடியாது, கையுறையைக் கழற்றினால் அரை நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். காற்றடிக்கும் மலை முகட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, பல்லால் கையுறையைக் கடித்துக்கொண்டு, கட்டை விரலால் பனியைத் தோண்டி எடுப்பதுதான் இந்த விளையாட்டின் உண்மையான முகம்.

விடியற்காலை நாலரைக்குத் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பும் படத்தை அம்மாவிடம் ஒருமுறை காட்டினேன். பார்த்துவிட்டு, "நாங்க வயித்துப் பாட்டுக்கு லாம்பு கட்டிக்கிட்டு பால் வெட்டப் போனோம். நீ கைக்காசு போட்டுப் போறியா?" என்றார். பதில் சொல்ல வரவில்லை, சிரித்துக்கொண்டோம். ஆனால் அம்மா சொன்னதில் நிறைய இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நிரையில் மரத்துக்கு மரம் ஒரே வேலையைச் செய்துகொண்டே போவார்கள். இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டினால் பால் கோட்டில் இறங்காது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைய சம்பளம் போய்விடும், ஆனாலும் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பி நடந்தார்கள். பேக்கன்ட்ரியில் நான் கற்றுக்கொள்ள வருஷக்கணக்கு ஆன விஷயம் அது. அம்மாவுக்கு அது சாதாரணம்.

மலையில் பட்டையைத் தொட்டுப் பார்ப்பது கொஞ்சம் சிக்கல். மேலே எவ்வளவு அழகான பவுடர் இருந்தாலும், கீழே போன வாரத்துப் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும். வானம் தெளிவாக இருந்த இரவில் மேற்பரப்பில் மெல்லிய படிகங்கள் வளர்ந்திருக்கலாம். அதன்மேல் அரை மீட்டர் பனி விழுந்தால் அந்த அடுக்கு மறைந்துவிடும், ஆனால் பிடிமானம் இல்லாமல் உள்ளேயே கிடக்கும். காற்று பனியை வாரி ஒரு பக்கச் சரிவில் பலகைபலகையாக அழுத்தி வைத்திருக்கலாம். அதன்மேல் ஒரு ஆள் கனம் ஏறினால் மொத்தமாகப் பிளந்து சரியும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையான சரிவில்தான் வரும். அந்தக் கோணம்தான் இறங்குவதற்கும் ருசியானது என்பது இந்த விளையாட்டின் கொடுமை. ஆள் செத்த பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை அந்த ஆளோ அவரோடு போனவர்களோதான் கிளப்பியிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் சிலர், "பனிதானே, நீந்தி வந்துடலாம்" என்பார்கள். ஓடும்போதுதான் அது லேசு. நின்ற மறுகணம் இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் சுமார் மூன்றில் ஒருவர்தான். அதற்குள் ஹெலிகாப்டர் வராது. கூட இருக்கிறவர்கள்தான் வர வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் கட்டாயம்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும் பீக்கன், புதைந்த இடத்தைக் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, உலோக ஷவல். பிளாஸ்டிக் ஷவல் இறுகிய பனியில் உடைந்துபோகும். பீக்கனை உடம்போடு கட்ட வேண்டும், பைக்குள் போடக்கூடாது. கைப்பேசி அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். இல்லாவிட்டால் சிக்னல் குழம்பும். இடுப்புப் பையில் கைப்பேசி, நெஞ்சில் பீக்கன் என்று நான் பழக்கிக்கொண்டேன். வாங்கிவிட்டால் மட்டும் போதாது. நானும் கூட்டாளிகளும் மலைக்குப் போகுமுன் ஒரு பீக்கனைப் பனியில் புதைத்துவிட்டு நேரம் வைத்துத் தேடுவோம். முதல் நாள் யாருமே வேகமாக எடுப்பதில்லை.

போகும் வழியில் ஒரு குழி வெட்டிப் பார்ப்பதும் உண்டு. 30 சென்டிமீட்டர் அகலம், உள்நோக்கி 30 சென்டிமீட்டர் என்ற அளவில் ஒரு பனித்தூணைத் தனியாகச் செதுக்கி, அதன் தலையில் ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில், எந்த அடுக்கில் தூண் வெட்டிய மாதிரி நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பத்துக்குள் ஒரு பனிப்பாளம் சுத்தமாக நழுவி என் மடியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கையால் தடவினால் அந்த அடுக்கில் சர்க்கரை அளவு மணிகள், ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அந்தச் சரிவை அன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் குழி நல்ல பதில் சொன்னால் அதை வைத்துத் துணியக்கூடாது. நூறு மீட்டர் தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கும். கெட்ட செய்தி சொன்னால் நம்பு, நல்ல செய்தி சொன்னால் சந்தேகப்படு என்று அந்த மூத்த மாணவர் சொல்லிக் கொடுத்தார்.

சில நேரம் குழியே தேவையில்லை. நடக்கும்போது காலுக்குக் கீழே 'வொம்ப்' என்று அடிவயிற்றில் கேட்கும் ஒரு சத்தம் வரும், சுற்றிலும் பனி ஒரு இஞ்ச் இறங்கும். உள்ளே இருக்கும் பலவீனமான அடுக்கு நொறுங்கிய சத்தம் அது. சமதளத்தில் கேட்டதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைவிடத் தெளிவாக மலை பேசாது.

இன்னொரு நாள் அப்படி எந்த அறிகுறியும் இல்லை. வானம் நீலம், புதுப் பனி, குழியும் ஒன்றும் சொல்லவில்லை. உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, கூட வந்த ஈப்போ தோழி நின்றுவிட்டார். "எனக்கு இது சரியா படல" என்றார். காரணம் கேட்டதற்கு, "தெரியல, சரியா படல" என்று மட்டும் சொன்னார். எங்கள் குழுவில் ஒரு விதி: யார் வேண்டாம் என்றாலும் எல்லோருக்கும் வேண்டாம், விளக்கம் கேட்டு வற்புறுத்தக்கூடாது. மரங்களுக்கு நடுவே சரிவு குறைந்த வழியில் இறங்கிவிட்டோம். ஒருத்தர் மட்டும் காரில் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அந்தச் சரிவு அன்றைக்குச் சரியவில்லை, மறுநாளும் சரியவில்லை. நாங்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தத் தோழி கூப்பிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன். அந்த முணுமுணுத்தவரோடு மறுபடி போகவில்லை.

இந்த விளையாட்டில் அனுபவம் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்களுக்கு க்ரெய்க் கெல்லியைச் சொல்வேன். ஸ்னோபோர்டு என்ற பொருளே பழையதில்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தன் மகளுக்காக இரண்டு ஸ்கியைச் சேர்த்துக் கட்டினார், அங்கே தொடங்கியது. நாகானோவில் 1998-ல்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் நான்கு முறை உலகச் சாம்பியன் கெல்லி. உச்சத்தில் இருக்கும்போதே போட்டி போதும் என்று விட்டுவிட்டு, பேக்கன்ட்ரிப் பவுடரைத் தேடிப் போனவர். பணமும் புகழும் இருந்த இடத்தை விட்டு இங்கே வந்தார் என்பதே இந்த விஷயத்தின் இழுப்பு எவ்வளவு என்று காட்டுகிறது. கனடாவில் மலை வழிகாட்டியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 2003 ஜனவரி 20 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் வழிகாட்டியோடு போன ஒரு குழுவைப் பனிச்சரிவு அடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். கெல்லியும் அதில் ஒருவர், வயது 36. அவருக்குத் தெரியாதது என்று எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது?

பனிச்சரிவைப் பற்றியே பேசி மரக்குழியை விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. ஹொக்கைடோவில் மேலே போனால் டாகெகன்பா என்ற பிர்ச் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், நடுவே இறங்குவது சொர்க்கம். கொஞ்சம் கீழே வந்தால் ஊசியிலை மரங்கள். அதன் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுத்துவிடுவதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொலபொலவென்று குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் கால் பலகையில் மாட்டி மேலே நிற்கும், முகம் பனிக்குள் போகும், உதற உதற இன்னும் உள்ளே போகும். தானாக வெளியே வருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் மரத்துக்குள் இறங்கும்போது ஜோடியாக, ஒருவர் பார்வையில் ஒருவர், குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கீழே வந்து காத்திருக்கிறேன் என்பது அங்கே உதவாது. காத்திருக்கிறவர் திரும்ப மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சரி, இவ்வளவும் கேட்ட பிறகும் போக வேண்டும் என்கிற தம்பிகளுக்கு.

முதல் பயணத்தில் பேக்கன்ட்ரியை மறந்துவிடுங்கள். ஷா ஆலம் ஐ-சிட்டிப் பனி அறையில் படம் எடுக்கலாம், இதைக் கற்க முடியாது. ஸ்கி மையத்தில் ஒரு வாரம் பயிற்சியாளரோடு ஓடுங்கள். எந்தச் சரிவிலும் விழாமல், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வந்தால் அடுத்தது. நிசேகோவில் அன்னுபுரி மலையின் (1,308 மீட்டர்) மேல் ஸ்கி மையத்திலிருந்து வெளியே போக வாசல்கள் வைத்திருக்கிறார்கள். ரோந்துக்காரர்கள் பனியைப் பார்த்துவிட்டுத் திறப்பார்கள், மூடுவார்கள். தினமும் காலையில் பனிச்சரிவுத் தகவல் வரும். மூடியிருக்கும்போதோ கயிற்றுக்கு அடியில் புகுந்தோ போனால் லிஃப்ட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கத்தான் வேண்டும். அந்த வாசலுக்கு வெளியேகூட முதல் தடவை வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். ஆங்கிலத்திலேயே இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புகள் அங்கே உண்டு. புதுப் பலகை வாங்கும் காசை அதில் போடுங்கள். பலகையை வாடகைக்கு எடுக்கலாம், அறிவை வாடகைக்கு எடுக்க முடியாது. 1,898 மீட்டர் யோதெய் எரிமலையைக் காட்டி "அதுதான் எங்க டார்கெட்" என்று சொன்ன தம்பியிடம் நான் சொன்னது: அதைப் பார்த்துக்கொண்டே ரமேன் சாப்பிடு, இப்போதைக்கு அது போதும்.

உடம்புக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் சேரோக் தோக்குன் மலையில் பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். வாய்ப்பிருந்தால் 1,217 மீட்டர் குனோங் ஜெராய். வியர்வைதான் வித்தியாசம். இங்கே வியர்த்தால் துடைத்துக்கொள்கிறோம், அங்கே வியர்த்தால் நின்ற ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். அதனால் கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். சூடாக இருக்கிறது என்று நினைத்துக் கிளம்பினால் அது உடுப்பு அதிகம் என்று அர்த்தம். பருத்திச் சட்டை உள்ளே கூடவே கூடாது. கனமான ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும், நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி. மைனஸ் 12-ல் சாக்லேட் கல்லாகிவிடும், பல் போகும். எனர்ஜி ஜெல் உறைந்துவிடும். முறுக்கு எந்தக் குளிரிலும் முறுக்குதான். தீபாவளிக்குச் செய்யும் நெய்யுருண்டையும் நன்றாகத் தாங்கும், பொடியாக உடையும், அப்படியே வாயில் கொட்டிக்கொள்ளலாம். சப்போரோக் கூட்டாளிகள் இப்போது நான் வருவதற்கு முன்பே முறுக்கு வருகிறதா என்றுதான் கேட்கிறார்கள். தண்ணீரை உறிஞ்சும் குழாய்ப் பையில் கொண்டுபோக வேண்டாம், குழாய் உறைந்துவிடும். சின்ன ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர். கைப்பேசி பேட்டரி குளிரில் பாதியில் படுத்துவிடும், உடம்பை ஒட்டி வையுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தை வாங்குமுன் சின்ன எழுத்தைப் படியுங்கள். விமானச் சீட்டோடு சேர்த்து விற்கும் சாதாரணப் பயணக் காப்புறுதியில் ஸ்கி மைய எல்லைக்கு வெளியே நடப்பது பெரும்பாலும் சேராது. எல்லைக்கு வெளியே தேடல் மீட்புக்கு ஆகும் செலவு தேடப்பட்டவர் தலையில் விழலாம்.

நிசேகோவே வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், இது என் சொந்தக் கருத்து. பவுடர் விழுந்த காலையில் வாசல் திறக்கும்வரை நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள், திறந்ததும் ஓடுவார்கள். ஒரு மணி நேரத்தில் மலை முழுக்கக் கோடு. அந்த அவசரத்துக்கு இங்கே பினாங்குப் பாலத்து நெரிசலிலேயே நிற்கலாம். ஹொக்கைடோவிலேயே அசாஹிடாகே மலைப் பக்கம் போனால் ரோப்வே 1,600 மீட்டரில் விட்டுவிடும், அதற்கு மேலே அமைதி. பனிப்புயல் வந்தால் எதிரில் நீட்டிய கை தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அங்கே வழிகாட்டி இல்லாமல் நானே போவதில்லை.

"மலேசியாக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. 2018 பியோங்சாங்கில்தான் மலேசியா முதல் முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. ஜெஃப்ரி வெப் ஆல்பைன் ஸ்கியில் நம் கொடிக்கு இறங்கினார். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான். எனக்கு நானே சொல்லிக்கொள்வது வேறு: கூலிம் தொழிற்சாலையில் வருஷம் முழுக்க இயந்திரத்தின் வேகத்துக்கு ஓடுகிறேன், அந்த மலையில் என் காலின் வேகத்துக்கு ஏறுகிறேன். இறங்கும் சுகத்துக்காக ஏறுவதாகத்தான் நினைத்துப் போனேன். இப்போதெல்லாம் ஏற்றம் பாதியில் நின்றுபோனாலும் எனக்கு நாள் வீணானதாகத் தோன்றுவதில்லை. அப்படித் தோன்றாதவர்கள் லிஃப்ட் சீட்டு வாங்கிக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை. அதுவும் நல்ல விளையாட்டுத்தான்.

கடைசியாக, சொந்தச் சாமான் வாங்குகிறவர்களுக்கு நம் ஊர் ஈரத்தைப் பற்றி. ஜப்பான் கடைக்காரருக்கு இது தெரியாது. பலகையின் எஃகு ஓரம் பாடாங் செராயில் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும். வந்த அன்றே துடைத்து, அடிப்பக்கமும் ஓரமும் மூட மெழுகைத் தடிமனாகப் பூசி விட்டுவிடுங்கள், சுரண்ட வேண்டாம். ஸ்கின்னைக் காயவைத்து, பசைப் பக்கத்தை மடித்து ஒட்டி, காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைத்தால் இந்த வெக்கையில் பசை உருகி ரோமத்துக்கே வந்துவிடும். கறிவேப்பிலைப் பக்கத்தில் எதற்கு இது என்று என் மனைவி கேட்பதை நிறுத்தவில்லை, நானும் எடுக்கவில்லை. பீக்கனிலிருந்து பேட்டரியை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஒழுகித் தகடு அரித்துவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. அடுத்த டிசம்பரில் விமானம் ஏறுமுன் புதுப் பேட்டரி போட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு பீக்கனைக் கொடுத்துத் திடலில் எங்காவது ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நாலு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுநாளும் ஒளிக்கச் சொல்லுங்கள்.